மணிபூரகப் பயிற்சி: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது?

கோலாலம்பூர்ச் செந்தூலில் ஒரு சமூக மண்டபத்தில் சனிக்கிழமை காலையில் யோக வகுப்பு எடுக்கிறேன். மணிபூரகத்துக்கு, அதாவது நாபிச் சக்கரத்துக்கு, பயிற்சி வேண்டும் என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் கடைசிப் படியை முதலிலேயே தொட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். காணொளியைப் பார்த்து நூறு கபாலபாதி (வயிற்றால் மூச்சை வெளியே தள்ளும் பயிற்சி), அல்லது கண்ணை மூடிக்கொண்டு தொப்புளில் மஞ்சள் ஒளி. இரண்டு வாரத்தில் சிலருக்கு நெஞ்செரிச்சல் வந்துவிடுகிறது, மற்றவர்கள் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள்.

கீழே இருப்பது ஒரு மண்டலத்துக்கான வரிசை, அதாவது 48 நாள். முதல் ஏழு நாளில் ஆசனமும் இல்லை, மூச்சுப் பயிற்சியும் இல்லை. புதியவர்கள் பொறுமை இழந்து தாவிவிடும் இடம் அதுதான். அதைத் தாவினால் பின்னால் வரும் படிகளை உங்களுக்கு ஏற்றபடி தேர்ந்தெடுக்க வழியில்லாமல் போகும்.

1. யார் எதைத் தொடக்கூடாது

கர்ப்பிணிகள், மாதவிடாய் நாட்களில் இருப்பவர்கள், குடலிறக்கம், வயிற்றுப் புண், இதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம், கண் அழுத்த நோய் உள்ளவர்கள், அண்மையில் வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், இவர்கள் யாரும் 7, 8-ஆம் படிகளைச் செய்யக்கூடாது. அந்த இரண்டும் வயிற்றிலும் நெஞ்சிலும் உள்ள அழுத்தத்தைச் சட்டென்று மாற்றுபவை. மற்றப் படிகளில் எவை ஆகும் என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்கள் இங்கே நம்மிடையே நிறையப் பேர். இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு பயிற்சி செய்வதற்கு முன் மருத்துவரிடம் நேரத்தைப் பேசி வையுங்கள். பயிற்சியின்போது கை நடுங்கினால், குளிர்ந்து வியர்த்தால் உடனே நிறுத்திவிட்டு இனிப்பு எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் “சக்தி ஏறுகிறது” என்று எண்ணி உட்கார்ந்திருப்பது ஆபத்து.

2. இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஆங்கிலத்தில் இந்தச் சக்கரத்துக்கு ‘சோலார் பிளெக்சஸ்’ என்று பெயர் வைத்துவிட்டதால் ஒரு குழப்பம் நிலைத்துவிட்டது. உடற்கூற்றில் அந்தப் பெயர் நரம்புப் பின்னல் ஒன்றைக் குறிக்கிறது. அது இரைப்பைக்குப் பின்னால், பெருந்தமனிக்கு முன்னால், நெஞ்செலும்பு முடியும் இடத்துக்கும் தொப்புளுக்கும் நடுவே இருக்கிறது. நூல்கள் மணிபூரகத்துக்குச் சொல்லும் இடமோ நாபி, அதாவது தொப்புளுக்கு நேர் பின்னால், முதுகுத்தண்டில்.

எனவே விரலை நெஞ்சுக்குழியில் வைக்காதீர்கள். அங்கே கவனத்தைக் குவிப்பவர்களுக்கு மூச்சு மேலேறி நெஞ்சு இறுகுவதை வகுப்பில் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு கையின் நடுவிரலைத் தொப்புளிலும் மறு கையின் பெருவிரலை அதற்கு நேராக முதுகிலும் வையுங்கள். அந்த இரண்டுக்கும் நடுவே, முதுகுப் பக்கமாகச் சற்றுத் தள்ளி இருப்பதுதான் நம் இடம். ஒரு வாரம் தொட்டுப் பழகினால் பிறகு விரல் இல்லாமலே அங்கே போக முடியும்.

3. ஒரு மரபைத் தேர்ந்தெடுங்கள், இரண்டைக் கலக்காதீர்கள்

வீட்டில் பாட்டி சொன்னதும் யோக வகுப்பில் கேட்டதும் முரண்படுகின்றன என்று பலர் தடுமாறுகிறார்கள். முரண்பாடு உண்மையிலேயே இருக்கிறது. தமிழ்ச் சித்தர் வழியில் ஐம்பூதங்களுள் மணிபூரகத்துக்குரிய பூதம் நீர், தெய்வம் திருமால், எழுத்து நமசிவயவில் வரும் ‘ம’. வடமொழித் தாந்திரிக வழியில் பூதம் தீ, தெய்வம் ருத்திரன், பீஜம் (வித்தெழுத்து) ‘ரம்’, வாகனம் செம்மறிக்கடா. இரண்டிலும் இடம் நாபிதான். திருத்தலங்களை ஆதாரங்களோடு, அதாவது சக்கரங்களோடு, பொருத்தும் பட்டியலில் மணிபூரகத்துக்கு வருவது அக்கினித் தலமான திருவண்ணாமலை.

எழுத்தை ஒரு வழியிலும் பூதத்தை இன்னொரு வழியிலும் எடுத்தால் தியானத்தின்போது மனம் சரிபார்த்துக்கொண்டே இருக்கும். இந்த வழிகாட்டி தீயின் வழியில் போகிறது. ஆயுர்வேதம் நாபியை ஒட்டிச் சொல்லும் சடராக்கினியோடு, அதாவது செரிக்கவைக்கும் வயிற்றுத் தீயோடு, அது நேராகப் பொருந்துகிறது என்பதே காரணம். உங்களுக்குக் குருவழி எழுத்து ஏற்கெனவே இருந்தால் அதையே வைத்துக்கொண்டு மற்றப் படிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. மஞ்சள் என்பது மேற்கில் 20-ஆம் நூற்றாண்டில் வானவில் வரிசைப்படி பொருத்தப்பட்டது. பழைய வருணனையில் பத்து இதழ்களும் மழை மேகத்தின் கருநீலம், நடுவே உள்ள முக்கோணம் உதயசூரியனின் சிவப்பு. மஞ்சள் துணிக்கும் மஞ்சள் கல்லுக்கும் செலவழிக்கத் தேவையில்லை.

4. நாள் 1 முதல் 7 வரை: தீ எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதுங்கள்

இந்தப் படிதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஆயுர்வேதம் வயிற்றுத் தீயை நான்கு நிலையாகப் பிரிக்கிறது. வாதம் மிகுந்தால் விஷமாக்கினி: ஒரு நாள் கடும் பசி, மறுநாள் பசியே இல்லை, வயிற்றில் காற்று. பித்தம் மிகுந்தால் தீக்ஷ்ணாக்கினி: சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் மீண்டும் பசி, பசி தாங்காத கோபம், எரிச்சல், புளித்த ஏப்பம். கபம் மிகுந்தால் மந்தாக்கினி: பசி வராது, சாப்பிட்டால் கனம், தூக்கம், காலையில் நாக்கில் வெள்ளைப் படலம். நான்காவது சமாக்கினி. நேரத்துக்குப் பசிக்கும், உண்டது தொந்தரவில்லாமல் செரிக்கும்.

மணிபூரகப் பயிற்சி என்றாலே தீயை மூட்டுவது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நாபியில் இயங்கும் வாயுவுக்குச் சமானன் என்று பெயர். உண்டதைப் பிரித்து உடம்புக்குச் சமமாகக் கொடுப்பது அதன் வேலை. நாம் அடைய வேண்டிய நிலையும் அந்தச் சமம்தான். ஏற்கெனவே கொழுந்துவிட்டு எரிகிற அடுப்பில் ஊதினால் சோறு அடிப்பிடிக்கும்.

ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் போதும். ஏழு நாளும் நான்கு செய்திகளை எழுதுங்கள்: காலையில் நாக்கின் நிறம், மலம் போன நேரமும் தன்மையும், ஒவ்வொரு வேளையும் உண்மையான பசி எத்தனை மணிக்கு வந்தது, இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு முடிந்தது. கைப்பேசியில் குறிக்கிறேன் என்பவர்கள் மூன்றாம் நாளே விட்டுவிடுகிறார்கள், அதனால் காகிதத்தில் எழுதச் சொல்கிறேன்.

இங்கே நடக்கும் பெரிய பிழை, நினைவிலிருந்து முடிவு செய்வது. இரவு வேலை ஓட்டுநராக இருக்கும் ஒரு தம்பி தனக்கு மந்தம் என்று உறுதியாகச் சொன்னார். காலையில் பசியாறவே முடியவில்லை என்பது அவர் காரணம். எழுதிப் பார்த்தபோது, இரவு ஒரு மணிக்கு மாமாக் கடையில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் முடித்துவிட்டு ஆறு மணிக்கு எழுந்திருக்கிறார் என்று தெரிந்தது. முந்தைய வேளையே இன்னும் வயிற்றில் கிடந்திருக்கிறது. பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் அவருக்கு எரிச்சலும் கோபமும் வந்திருந்தன. அவருடையது தீக்ஷ்ணம். அவர் ஏற்கெனவே முந்நூறு கபாலபாதி செய்துகொண்டிருந்தார்.

கறுத்த மலம், வாந்தியில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், இரவில் எழுப்பும் வயிற்றுவலி, இவற்றில் எதுவும் நோட்டில் வந்தால் பயிற்சியை விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

5. நாள் 8 முதல் 14 வரை: நேரத்தை நம் ஊர்ச் சூரியனோடு சேருங்கள், வயிற்றால் மூச்சு விடுங்கள்

இந்தியாவில் எழுதப்பட்ட கால அட்டவணையை அப்படியே இங்கே பின்பற்றுவது வீண் தொல்லை. அங்கே சூரியன் 6 மணியை ஒட்டி எழுகிறது. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் ஆண்டு முழுதும் 7 மணியை ஒட்டியோ அதற்குச் சற்றுப் பிறகோதான் உதயம். பிரம்ம முகூர்த்தம் உதயத்துக்கு 96 நிமிடம் முன் தொடங்கி 48 நிமிடம் முன் முடிகிறது. 7.15-க்கு உதயம் என்றால் அது 5.39 முதல் 6.27 வரை. நாலு மணிக்கு அலாரம் வைத்து உடம்பை நோகடிக்க வேண்டாம். ஐந்தரைக்கு எழுந்தாலே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதற்கு முன் அரை மணி நேரம் கிடைக்கும்.

பகலுக்கும் இதே கணக்குதான். சூரியன் நம் தலைக்கு மேல் வருவது ஒன்றேகால் மணியை ஒட்டி. பித்தம் உயரும் நேரம் 10 முதல் 2 வரை என்று படித்திருப்பீர்கள். இங்கே அதை ஏறக்குறைய 11.15 முதல் 3.15 என்று எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைய பெரிய சாப்பாடு ஒரு மணியை ஒட்டி இருக்கட்டும். இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடியுங்கள். காலைப் பயிற்சிக்கு வயிறு வெறுமையாக இருக்க வேண்டும், அதற்கு இதைவிட எளிய வழி கிடையாது.

அளவும் ஒன்று உண்டு. வயிற்றில் இரண்டு பங்கு உணவு, ஒரு பங்கு நீர், ஒரு பங்கு காற்றுக்கு. அரிசியை ஆழாக்கால் அளப்பதைப் போல இதை அளக்க முடியாது. முதல் ஏப்பம் வரும்போது தட்டிலிருந்து கையை எடுங்கள்.

உங்கள் நோட்டு சொன்னபடி ஒன்றை மட்டும் மாற்றுங்கள். விஷமமாக இருந்தால் மூன்று வேளையும் ஒரே நேரத்தில், சூடாக, ஒரு சொட்டு நெய்யோடு சாப்பிடுங்கள். தீக்ஷ்ணமாக இருந்தால் எந்த வேளையையும் தவிர்க்காதீர்கள், நாசி லெமாக்கில் சம்பலைக் குறையுங்கள், வெறும் வயிற்றில் கோப்பி வேண்டாம், பகலில் சீரகம் போட்ட நீர்மோர் நல்லது. மந்தமாக இருந்தால் உணவுக்கு முன் ஒரு மெல்லிய இஞ்சித் துண்டை உப்புத் தொட்டு மெல்லுங்கள், இரவைக் கஞ்சியோடு முடியுங்கள், ஐஸ் போட்ட எதையும் சாப்பாட்டோடு குடிக்காதீர்கள். இஞ்சி எல்லோருக்கும் நல்லது என்று எரிச்சல்காரர்கள் அதை எடுத்துக்கொள்வதை வாரம் தவறாமல் பார்க்கிறேன். வேண்டாம்.

இதே வாரத்தில் தினமும் பத்து நிமிடம் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, கையைத் தொப்புளில் வைத்து மூச்சு விடுங்கள். மூச்சை இழுக்கும்போது வயிறு மேலே வர வேண்டும், விடும்போது உள்ளே போக வேண்டும். பாதிப் பேருக்கு இது தலைகீழாக நடக்கிறது, இழுக்கும்போது வயிறு உள்ளே போகிறது. இந்தத் தலைகீழ்ப் பழக்கம் நேராவதற்கு முன் கபாலபாதிக்குப் போனால் வேகம் கூடும், பழக்கம் அப்படியே இறுகும்.

6. நாள் 15 முதல் 27 வரை: ஐந்து ஆசனம்

இந்த வரிசையில் செய்யுங்கள்: பவனமுக்தாசனம், புஜங்காசனம், அர்த்த மச்சேந்திராசனம், நௌகாசனம், சவாசனம். முதலில் காற்று வெளியேற வேண்டும், பிறகு வயிறு நீள வேண்டும், பிறகு முறுக வேண்டும், கடைசியில்தான் இறுக வேண்டும். காற்று அடைத்த வயிற்றோடு நௌகாசனத்தில் தொடங்கினால் அடிவயிற்றில் பிடிப்பு வரும்.

பவனமுக்தாசனத்தில் வலது முழங்காலை முதலில் மார்புக்குக் கொண்டு வாருங்கள். பெருங்குடல் வலப்பக்கம் ஏறி, குறுக்கே போய், இடப்பக்கம் இறங்குகிறது. அந்த ஓட்டத்தோடு போவதே இந்த வரிசையின் நோக்கம். நௌகாசனத்தில் முதுகு வளைந்து முகவாய் நெஞ்சில் இடிக்கக்கூடாது. முடியவில்லை என்றால் முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். முறுக்கும்போது தோளைத் திருப்புவதற்கு முன் தொப்புளைத் திருப்புங்கள். தோள் மட்டும் திரும்பினால் நாபியில் ஒன்றும் நடக்காது.

எவ்வளவு நேரம் செய்வது? அர்த்த சக்தி, அதாவது பலத்தில் பாதி வரை என்கிறது ஆயுர்வேதம். நெற்றியிலும் அக்குளிலும் வியர்வை அரும்புவதும் வாய் உலர்வதும் அதற்கு அடையாளம். நம் ஊர்ப் புழுக்கத்தில் பாயை விரிப்பதற்குள் வியர்த்துவிடும், அதனால் வியர்வையை அளவாகக் கொள்ளாதீர்கள். வாய் உலர்கிறதா, மூக்கை விட்டு வாயால் மூச்சு வாங்குகிறீர்களா என்று பாருங்கள். வாய் திறந்தால் அன்றைக்குப் போதும். குளிர்சாதனக் காற்று நேராக வயிற்றில் படும் இடத்திலும் செய்ய வேண்டாம், மின்விசிறி மெதுவாகச் சுழன்றால் போதும்.

7. நாள் 28 முதல் 38 வரை: கபாலபாதி, அல்லது அதற்குப் பதிலாகச் சீதளி

முதலில் நோட்டைத் திறந்து பாருங்கள். எரிச்சல் இன்னும் இருக்கிறதா? அப்படியென்றால் கபாலபாதி உங்களுக்கு இல்லை. நாக்கைக் குழல் போல மடித்து அதன் வழியே மூச்சை இழுத்து மூக்கால் விடும் சீதளியை 12 முறை செய்யுங்கள். நாக்கு மடியாதவர்கள் பற்களின் இடுக்கால் இழுக்கும் சீத்காரியைச் செய்யலாம். இது இரண்டாந்தரப் பயிற்சி என்று யாரும் மனம் தளர வேண்டாம். தீக்ஷ்ணக்காரர்களுக்கு மணிபூரகப் பயிற்சியே இதுதான்.

மற்றவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை மூக்கால் வெளியே தள்ளுங்கள். தள்ளுவது தொப்புளுக்குக் கீழே இருக்கும் வயிறு. தள்ளியபின் வயிற்றைத் தளர்த்திவிடுங்கள், மூச்சு தானாக உள்ளே வரும். நொடிக்கு ஒன்று, ஒரு சுற்றுக்கு 20, மொத்தம் மூன்று சுற்று. சுற்றுக்கு இடையே ஒரு நிமிடம் சும்மா இருங்கள்.

மூன்று பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. முதலாவது, மூச்சை வலிந்து இழுப்பது. இழுப்பும் தள்ளலும் சம வேகத்தில் இருந்தால் அது பஸ்திரிகை, வேறு பயிற்சி. கூடுதல் காற்று உள்ளே போய்த் தலை சுற்றும். இரண்டாவது, தோள் குலுங்குவது. கண்ணாடி முன் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். மூன்றாவது, எண்ணிக்கையைக் கூட்டும் ஆசை. இருபதில் கடைசி ஐந்தும் முதல் ஐந்தைப் போலவே தெளிவாக இருந்தால் மட்டும் அடுத்த நாள் ஐந்தைக் கூட்டுங்கள்.

புகைமூட்டக் காலத்தில் ஐபியு (காற்று மாசுக் குறியீடு) அளவைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். 100-க்கு மேல் போனால் காற்று ஆரோக்கியமற்ற நிலை. அந்த நாட்களில் கபாலபாதியும் வேண்டாம், வாயால் இழுப்பதால் மூக்கின் வடிகட்டலே இல்லாத சீதளியும் வேண்டாம். கதவைச் சாத்திக்கொண்டு ஐந்தாம் படியின் மூச்சை மட்டும் செய்யுங்கள். தித்திவங்சா ஏரிக்கரையில் செய்வது மனதுக்கு இதம்தான், ஆனால் சாலையில் நெரிசல் தொடங்குவதற்கு முன் முடித்துவிடுங்கள்.

8. நாள் 39 முதல் 48 வரை: உட்டியாண பந்தம்

இதை ஒருமுறையாவது தெரிந்தவர் கண் முன்னால் செய்யுங்கள். எழுத்தில் சொல்ல முடிந்ததைச் சொல்கிறேன்.

கால்களை அகட்டி நின்று, முழங்காலைச் சற்று மடக்கி, கைகளைத் தொடையில் ஊன்றுங்கள். மூச்சை முழுதாக வெளியே விடுங்கள். முகவாயைத் தாழ்த்தித் தொண்டையை அடைத்துக்கொண்டு, காற்றை உள்ளே விடாமல் விலாவை மட்டும் விரியுங்கள், மூச்சை இழுப்பதுபோல நடிக்க வேண்டும். வயிறு தானாக விலாவுக்குக் கீழே குழிந்து ஏறும். நெஞ்சில் அழுத்தம் குறைவதால் உதரவிதானம் மேலே போகிறது, வயிறு அதன் பின்னே போகிறது. அவ்வளவுதான் இதன் சூட்சுமம்.

ஆகவே வயிற்றுத் தசையை இறுக்கி உள்ளே இழுக்காதீர்கள். இறுகிய வயிறு ஏறாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கே பல மாதம் ஆனது. இன்னொரு பிழை, மூச்சு முட்டியதும் தொண்டையைச் சட்டென்று திறப்பது. காற்று பாய்ந்து இருமல் வரும். முதலில் வயிற்றைக் கீழே விடுங்கள், பிறகு முகவாயை நிமிர்த்துங்கள், கடைசியில் மெல்ல மூச்சை உள்ளே எடுங்கள். மூன்று முறை போதும்.

எரிச்சல் உள்ளவர்கள் இதைத் தவிர்த்துவிட்டு அடுத்த படிக்குப் போகலாம்.

9. பந்தம் முடிந்தபின்: ‘ரம்’

உட்கார்ந்து, விரல் வைத்துப் பழகிய அந்த இடத்துக்குக் கவனத்தைக் கொண்டு போங்கள். கீழ்நோக்கிய சிவப்பு முக்கோணம் ஒன்றை அங்கே வைத்துக்கொள்ளலாம், உருவம் நிற்காவிட்டால் வெதுவெதுப்பு மட்டும் போதும். மூச்சை விடும்போது ‘ரம்’.

நம் நாக்கு இதை ‘ராம்’ என்று நீட்டிவிடும். அது இராம நாமம், அதன் பலன் வேறு. இங்கே அகரம் குறில்தான். நீள வேண்டியது ‘ம்’. உதடு மூடியபின் எழும் அதிர்வை வயிறு வரை கேளுங்கள். முதல் ஒன்பது முறை வாய்விட்டு, அடுத்த ஒன்பது முறை உதட்டளவில், கடைசி ஒன்பது மனத்துக்குள். அடுக்குமாடியில் பக்கத்து வீட்டார் தூங்குகிறார்களே என்று முதல் ஒன்பதை விட்டுவிடாதீர்கள், மெதுவான குரலே போதும். ஒலி இல்லாமல் நேராக மனத்துக்குப் போனால் புதியவர்கள் தூங்கிவிடுகிறார்கள்.

பத்து இதழ்களுக்கும் வெட்கம், பொறாமை, சோர்வு, அச்சம் போன்ற பத்து உணர்ச்சிகளை மரபு சொல்கிறது. அவற்றில் ஏதாவது ஒன்று இந்தக் கட்டத்தில் சிலருக்கு எழும். அழுகை வந்தால் அழுங்கள், கோபம் வந்தால் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி உட்காருங்கள். நாள்பட்ட மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர்கள் இதற்காக மருந்தை நிறுத்தக்கூடாது.

10. நாள் தவறினால், 48 முடிந்தால்

ஒரு நாள் தவறினால் மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். மூன்று நாள் தொடர்ந்து தவறினால் ஒரு படி பின்னால் வாருங்கள். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் குணமான பின் ஐந்தாம் படியிலிருந்து தொடங்குங்கள். தீபாவளி வாரத்தில் பலகாரமும் விருந்தும் இருக்கும்போது 7, 8-ஆம் படிகளை விட்டு, படுத்தபடி விடும் மூச்சை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

49-ஆம் நாள் நோட்டின் புதிய பக்கத்தைத் திறந்து, ஏழு நாளுக்கு அதே நான்கு செய்திகளை மறுபடி எழுதுங்கள். முதல் வாரத்துப் பக்கத்தை அருகில் வைத்துப் பாருங்கள். பசி வரும் நேரம் ஒரு மணி நேர வித்தியாசத்துக்குள் நிலைத்திருந்தால் அடுத்த மண்டலத்தை ஏழாம் படியிலிருந்து தொடங்கலாம். நிலைக்கவில்லை என்றால் நான்காம், ஐந்தாம் படிகளை மட்டும் இன்னும் இரண்டு வாரம் செய்யுங்கள்.